கோபக்கார டாக்டரின் அம்மா

அன்று காலை பதினொன்று நாற்பதுக்கு என் மகன் ஒரு ஸ்டீல் ட்ரேயை எறிந்தான். ட்ரே சுவர்க் கடிகாரத்தில் பட்டது. கடிகாரம் அந்த நேரத்திலேயே நின்றுபோனது. பிறகு நடந்த விசாரணையில் எல்லாவற்றைப் பற்றியும் ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். நேரத்தைப் பற்றி மட்டும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மகன் டாக்டர். மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகும் வழியில், ஈ.சி.ஆர். மேலேயே இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறான். நாங்கள் மரக்காணத்தில் இருக்கிறோம். நான் பிளஸ் டூ மாணவர்களுக்கு வேதியியல் நடத்துகிறேன். என் கணவர் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். எங்களுக்கு ஒரே பிள்ளை. கவலைப்படுவதற்கு ஒன்று போதும்.

நடந்தது இதுதான். பைக்கில் விழுந்த ஒருவரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். மகன் ஒரு ஊசி மருந்தின் அளவைச் சொல்லியிருக்கிறான். பக்கத்தில் நின்ற சிஸ்டர், எவ்வளவு என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். சொன்னான். மறுபடியும் கேட்டார். அடிபட்டவரின் உறவுக்காரர்கள் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்ததில் அவருக்குச் சரியாகக் காதில் விழவில்லை. ட்ரே பறந்தது அப்போதுதான். கூடவே அத்தனை பேர் முன்னாலும் ஒரு வாக்கியமும் சொன்னான். "காது கேக்காதவங்க எல்லாம் எதுக்கு இந்த வேலைக்கு வர்றீங்க? போய் உப்பளத்துல உப்பு வாருங்க."

சிஸ்டர் ட்ரேயை எடுத்து வைத்துவிட்டு, அளவைச் சரிபார்த்து, ஊசியைப் போட்டுவிட்டு, ஷிஃப்ட் முடியும்வரை வேலை பார்த்திருக்கிறார். அதன் பிறகு அலுவலக அறைக்குப் போய்ப் புகார் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனவர், மறுநாள் வரவில்லை. அடிபட்டவர் பிழைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகும்போது என் மகனுக்கு நன்றி சொல்லி சால்வை போட்டாராம்.

அந்த சிஸ்டரின் அம்மா எங்கள் அளத்தில்தான் உப்பு வாருகிறார்.

மகன் எங்களிடம் எதையும் சொல்லவில்லை. சொன்னால் நான் கவலைப்படுவேன் என்பான். சொல்லாவிட்டாலும் கவலைப்படுவேன் என்பது அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. விஷயம் எங்களுக்கு அளத்தின் வழியாக வந்தது. மறுநாளிலிருந்து நாலு நாளாக அந்த அம்மா வேலைக்கு வரவில்லை. என்னவென்று என் கணவர் விசாரித்தபோது மேஸ்திரி மென்று முழுங்கிச் சொன்னார். மேஸ்திரி வரை வருவதற்குள் ட்ரே கொஞ்சம் வளர்ந்திருந்தது. டீக்கடையில் அது சிஸ்டரின் நெற்றியில் பட்டு மூன்று தையல் போட்டிருந்தார்கள்.

அன்று மாலை மகனைக் கேட்டோம். தையல் இல்லை என்றான். மற்றதெல்லாம் உண்மை என்றான். போன வருடமே ஒருமுறை எச்சரித்திருக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இந்த முறை மருத்துவமனைத் தலைவர் இரண்டு நிபந்தனை போட்டிருந்தார். கோபத்தால் வேலையைக் கெடுத்துக்கொள்ளும் டாக்டர்களுக்கென்றே பயிற்சி தரும் ஒருவர் குயிலாப்பாளையத்தில் இருக்கிறார், அவரிடம் போக வேண்டும். அடுத்து, அந்த சிஸ்டர் இவனோடு மறுபடி ஒரே ஷிஃப்டில் நிற்கச் சம்மதிக்க வேண்டும். அவர் சம்மதிக்காவிட்டால் இவன் போக வேண்டியதுதான். ஒரு நல்ல நர்ஸ் கிடைப்பது இந்தக் கரையில் டாக்டர் கிடைப்பதைவிடக் கஷ்டம் என்று அவர் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

மூன்றாவதாக ஒரு விஷயம் இருந்தது. அதைச் சொன்னவர் தலைவர் அல்ல, பயிற்சி தருபவர். முதல் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார். சிஸ்டர் தானாக முடிவு செய்யும்வரை இவனோ இவன் சார்பில் வேறு யாருமோ அவரிடம் போகக் கூடாது. இதை மகன் எங்களிடம் சொல்ல மறந்துவிட்டான்.

உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டால் குத்தகைக்காரர் வீடு தேடிப் போய்க் கூப்பிட வேண்டும். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், ஒரு புடவை. யார்மேல் தப்பு என்ற பேச்சே வராது. தாம்பாளத்தை வாங்கிக்கொண்டால் மறுநாள் வேலைக்கு வந்துவிட வேண்டும். வீடு தேடி வந்தவர்களிடம் வாங்க மாட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. என் கணவர் இந்த முறையில் பல சண்டைகளை முடித்திருக்கிறார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"நாளைக்குப் போய்க் கூப்ட்டுக்கினு வந்துருவோம். இதுக்குப் போயி கோர்ஸு, ட்ரெய்னிங்கு" என்றார்.

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. மகன் அப்போது இரவு டூட்டிக்குக் கிளம்பிவிட்டிருந்தான்.

வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். தாம்பாளத்தைப் பெண்கள்தான் ஏந்த வேண்டும் என்பதால் நான் பின்னால் நடந்தேன். ஆப்பிளும் வைத்திருந்தேன். சாதாரண அளத்துச் சண்டைக்கு வாழைப்பழம் போதும். இது நர்ஸ் வீடு என்பதால் ஆப்பிள்.

சிஸ்டர் வீட்டில் இல்லை, புதுச்சேரி போயிருந்தார். அம்மா மட்டும் இருந்தார். எங்களைப் பார்த்ததும் பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டார். என் கணவர் வழக்கமாகப் பேசுவதைப் பேசினார். சின்ன வயசு, வேலை டென்ஷன், நம்ம புள்ளைங்க நமக்குள்ள. அந்த அம்மா தாம்பாளத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாங்கிக்கொண்டார்.

"சரிங்க மொதலாளி" என்றார். அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது என் கணவர் வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் நின்று பேசினார். வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டார். நானும் பல நாட்களுக்குப் பிறகு பிரஷர் மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொண்டேன். மறுநாள் விடிந்ததும் அந்த அம்மா அளத்துக்கு வந்துவிட்டார் என்று மேஸ்திரி போன் செய்தார். முடிந்தது என்று நினைத்தோம்.

நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கேட் தட்டும் சத்தம் கேட்டது. சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார். ஸ்கூட்டியின் முன்னால் தாம்பாளம், எல்லாம் வைத்தபடியே இருந்தது. மெலிந்த பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். கோபமாகத் தெரியவில்லை. வார்டில் நோயாளியின் வீட்டாரிடம் பேசுவதைப் போலத்தான் பேசினார்.

"டீச்சர், இது உங்களுது."

உள்ளே வாம்மா என்றேன். வரவில்லை.

"எங்கம்மா வாங்கிட்டாங்க. வாங்காம என்ன பண்ணுவாங்க? விடிஞ்சா உங்க அளத்துலதான நிக்கணும்."

மரியாதைக்காகத்தான் வந்தோம் என்று நான் சொல்லத் தொடங்கினேன். அவர் முடிக்க விட்டார். நான் முடித்த பிறகு கேட்டார். "நீங்க கூப்ட்டது எங்கம்மாவையா, என்னையாங்க?"

இதற்குள் என் கணவர் வெளியே வந்துவிட்டார். அதுவரை போனில் மோட்டார் மெக்கானிக்கிடம் கத்திக்கொண்டிருந்தார். அதே குரலில் இங்கேயும் ஆரம்பித்தார். பெரியவர்கள் வீடு தேடி வந்தால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்றார்.

"சார், நான் உங்ககிட்ட வேல பாக்கலைங்க" என்று சொல்லிவிட்டு, தாம்பாளத்தை என் கையில் கொடுத்துவிட்டு, அவர் வண்டியைத் திருப்பினார்.

அன்று மதியத்துக்குள் மருத்துவமனையில் புகார் இரண்டாகிவிட்டது. மகன் செய்தது ஒன்று. குடும்பத்தார் சிஸ்டருடைய அம்மாவின் பிழைப்பை வைத்து நிர்ப்பந்தித்தது இன்னொன்று. நிர்ப்பந்தம் என்ற வார்த்தையைப் போனில் கேட்டபோது எங்களைத்தான் சொல்கிறார்கள் என்பது எனக்கு உடனே புரியவில்லை. ஆப்பிள் எல்லாம் வைத்திருந்தேனே என்றுதான் முதலில் தோன்றியது.

மாலையில் மகன் வந்தான். வாசலிலேயே கத்துவான் என்று எதிர்பார்த்து நான் ஜன்னல்களைச் சாத்தி வைத்திருந்தேன். அவன் எங்களைப் பார்த்தான். காது இரண்டும் சிவந்திருந்தன. நேராகப் பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து, தண்ணீரில் கையை நீட்டிக்கொண்டு நின்றான். வெகுநேரம் நின்றான்.

"கை கழுவுறான். சோத்த போடு" என்றார் என் கணவர்.

அது கை கழுவுவது அல்ல, பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது என்று பின்னால்தான் தெரிந்தது. சோறு போட்டேன். அவன் வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்து, சாதாரணக் குரலில் சொன்னான்.

"யாரும் போகக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்கப்பா."

"எங்கிட்ட சொன்னியாடா? சொல்லியிருந்தா போயிருப்பமா?"

"சொல்லல. என் தப்புதான்."

எங்கள் வீட்டில் இந்த வாக்கியத்தை யாரும் அவ்வளவு மெதுவாகச் சொல்லிக் கேட்டதில்லை.  என் கணவர் எழுந்து டிவியை அணைத்தார். பேச்சை நிறுத்துவதற்கு அவர் வழக்கமாக அதைப் போடுவார்.

அடுத்த சனிக்கிழமை பயிற்சி தருபவர் எங்களையும் வரச் சொன்னார். மோட்டார் ரிப்பேர் என்று என் கணவர் வரவில்லை. நான் மகனோடு போனேன். குயிலாப்பாளையத்தில், சைக்கிள் வாடகைக்கு விடும் கடைக்கு மேல் மாடியில் அவர் அறை. என் வயதுதான் இருக்கும். காட்டன் புடவை, நரைத்த முடி. முன்பு அவரும் டாக்டராக இருந்தவராம். ஏன் விட்டுவிட்டார் என்று கேட்க நினைத்தேன். அவருக்கும் கோபம்தான் காரணமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்கவில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது கோபம் வந்தால் என்ன நடக்கும் என்று கேட்டார். அவர் கத்துவார், நான் பாத்திரம் தேய்ப்பேன், பையன் கதவைச் சாத்திக்கொள்வான் என்றேன். கழுவ வேண்டிய பாத்திரம் இல்லாவிட்டால்? கழுவியதையே கழுவுவேன் என்றேன். அவர் தலையாட்டினார். நல்ல பதில் என்று தலையாட்டியதாகத் தெரியவில்லை.

அளத்தைப் பற்றியும் கேட்டார். அங்கே எல்லோரும் கத்தித்தான் பேச வேண்டும் என்று விளக்கினேன். கடல் காற்று, மோட்டார் சத்தம், பாத்திக்கும் பாத்திக்கும் அவ்வளவு தூரம். பையன் பள்ளி லீவு முழுக்க அப்பாவோடு அங்கேதான் நிற்பான். காதில் விழாதவரைப் பார்த்து இன்னும் பலமாகக் கத்த வேண்டும் என்று அவன் அங்கே கற்றிருக்கலாம்.

"அங்க ஒருத்தருக்குக் காதுல விழலன்னா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதுங்க. மறுபடி கத்துவாரு."

அவர் மகனைப் பார்த்தார். சொல்லலாமா என்று கேட்டார். அவன் சரியென்றான். அவனோடு வேலை செய்பவர்களிடம், பெயர் கேட்காமல், அவனைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள். கெட்டிக்காரர் என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். அதோடு பலர் ஒரே மாதிரி இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்கள். அவர் டூட்டியில் இருந்தால் சந்தேகம் வந்தாலும் நாங்கள் கேட்க மாட்டோம், சொன்னதாகத் தோன்றியதைச் செய்துவிடுவோம்.

என் பிள்ளைக்கு வேலை போய்விடுமோ என்றுதான் அதுவரை பயந்துகொண்டிருந்தேன். சந்தேகத்தோடு ஊசி போட்டுக்கொண்டு படுத்திருக்கும் யாரோ ஒருவரை நான் நினைத்துப் பார்க்கவேயில்லை. என் ஆய்வகத்தில் துடுக்கான மாணவர்களுக்கு நான் பயப்படுவதில்லை. எந்த பாட்டில் என்று தெரியாமலே, டீச்சர் திட்டுவாரோ என்று கேட்காமல் ஆசிட் ஊற்றுகிற மாணவனுக்குத்தான் பயப்படுவேன். அந்த மாணவர்களை என் மகன் ஒரு வார்டு நிறைய உருவாக்கி வைத்திருந்தான். அன்றைக்குத் திருப்பிக் கேட்கத் துணிந்தவர் ஒருவர்தான், அவர்மேல்தான் ட்ரே. 

ட்ரே எறிந்த அன்று அவன் முந்தின நாள் மதியத்திலிருந்து சாப்பிட்டிருக்கவில்லை. அது காரணம்தான், சாக்கு இல்லை என்றார் பயிற்சி தருபவர். அதிலிருந்து கோட் பாக்கெட்டில் கடலை மிட்டாய் இருக்கிறது. கோபம் வருவதற்கு முன்னால் உடம்பில் எது முதலில் மாறுகிறது என்று கவனிக்கச் சொன்னார். அவனுக்குக் காது சூடாகும். பிறந்ததிலிருந்து அப்படித்தான் என்று நான் சொல்லியிருப்பேன். என்னை யாரும் கேட்கவில்லை.

வீட்டுப்பாடமும் கொடுத்தார். வீட்டில் யாராவது ஒருவர் அவனிடம் மருந்தின் அளவைத் திருப்பித் திருப்பிக் கேட்க வேண்டும். அவன் ஒவ்வொரு முறையும் முதல்முறை சொன்ன அதே குரலில் சொல்ல வேண்டும். இரவுச் சாப்பாட்டின்போது நான் கேட்க ஆரம்பித்தேன். எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டு தடவைக்கு மேல் வரவில்லை. என் கணவருக்கு அந்தக் கூச்சம் இல்லை.

"எவ்ளோ டாக்டர்?"

"அஞ்சு எம்.எல்.ப்பா."

"எவ்ளோ?"

"அஞ்சு எம்.எல்."

"காத்துல கேக்கல, எவ்ளோ?"

"அப்பா, ஃபேன கூட போடல நாம."

"டாக்டர் கோவப்படுறாரு பாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டார். மகனின் காதைப் பார்த்தேன். சிவந்தது. அவன் தண்ணீர் குடித்தான். அஞ்சு எம்.எல். என்றான். அதே குரல். இப்படிப் பல நாட்கள் நடந்தது. ஒருநாள் என் கணவர் அளத்தில் மேஸ்திரி எதையோ திருப்பிக் கேட்டபோது கத்தாமல் சொன்னாராம். தான் நடந்துபோய்ப் பக்கத்தில் நின்று சொன்னதாகவும் அதற்கே மூச்சு வாங்கியதாகவும் சொன்னார். மேஸ்திரி, உடம்பு சரியில்லையா என்று கேட்டிருக்கிறார்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தாலும் சிஸ்டர் வரவில்லை. லீவில் இருந்தார். இரண்டாவது புகார் வந்ததுமே மகனை டூட்டியிலிருந்து எடுத்துவிட்டு, பழைய கேஸ்களைச் சரிபார்க்கும் வேலையில் உட்கார வைத்திருந்தார்கள். கடைசியில் தலைவர் ஒரு நாளைக் குறித்தார். சிஸ்டர் விரும்பினால் அன்றைக்கு வந்து தன் முடிவைச் சொல்லலாம். வராவிட்டால் அதுவே முடிவு. குடும்பத்திலிருந்து ஒருவர் வந்து, இனி சிஸ்டர் வீட்டுப் பக்கம் போக மாட்டோம் என்று சொல்ல வேண்டும் என்றார்கள்.

தானே வந்து பேசுவதாக என் கணவர் சொன்னார். மகனும் நானும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றோம். அன்றைக்கு அவர் வெளியே காரில் காத்திருந்தார்.

தலைவர் அறையில் நான், மகன், பயிற்சி தரும் அம்மா. சொன்ன நேரம் போய்விட்டது. வார்டில் வேலை செய்யும் ஒருவர் டீ கொண்டுவந்து வைத்தார். யாரும் தொடவில்லை. மகன் எதிரில் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தபடியே இருந்தான். வழக்கமாக இந்த அளவு காத்திருந்தால் எழுந்து நடப்பான். அன்று நடக்கவில்லை. அது பயிற்சியா, பயமா என்று எனக்குத் தெரியவில்லை. மதியச் சாப்பாட்டுவரை பார்க்கலாம் என்றார் தலைவர். சாம்பார் வாசனை வர ஆரம்பித்துவிட்டது. என் மகன் இனி எந்த ஊருக்குப் போவான், அங்கே யார்மேல் எதை எறிவான் என்று நான் வரிசையாக யோசித்துக்கொண்டிருந்தேன். கவலைப்படுவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. ஆனாலும் அன்று இரண்டாவது ஊருக்கு மேல் யோசிக்க முடியவில்லை.

கதவு திறந்தது. சிஸ்டர் வந்தார். யூனிஃபார்ம் இல்லை, சுடிதார் போட்டிருந்தார். நெற்றியில் வியர்வை. உட்காரச் சொன்னதற்கு வேண்டாம் என்றார்.

மகன் எழுந்து நின்றான். ட்ரேயை எறிந்ததைச் சொன்னான். சொன்ன வார்த்தையை அப்படியே திருப்பிச் சொன்னான். உப்பு வாருங்க என்ற இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது. நீங்கள் கேட்டது சரி, நான் செய்தது தப்பு என்றான். பசியைப் பற்றியோ அழுத உறவுக்காரர்களைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். இனிமேல் வர மாட்டோம் என்றேன். மூன்று நாளாகத் தயார் செய்ததில் மீதியெல்லாம் மறந்துவிட்டது.

சிஸ்டர் எங்கள் இரண்டு பேரையும் கேட்டு முடித்தார். பிறகு என்னைப் பார்த்துத்தான் முதலில் பேசினார்.

"லேட்டானதுக்கு மன்னிச்சிருங்க டீச்சர். எங்கம்மாவுக்கு வேற அளத்துல வேல பேசிட்டு வரேன். இன்னிக்கிலேர்ந்து அவங்க உங்ககிட்ட இல்லைங்க." அப்புறம் மகன் பக்கம் திரும்பினார். "இப்ப என்னை யாரும் கூப்டல டாக்டர். நாளைக்குக் காலைல நானாத்தான் உங்க ஷிஃப்டுக்கு வரேன்."